பிறைத் தழும்புக் கிற்றார்

அத்தியாயம் பதினேழு

நிக்காஹ்வுக்குத் தேதி குறித்த நாளிலிருந்து றினாஸ் அந்த வளவுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. இன்று வந்தான், அதுவும் பின்வாசலால்.

குசினிக்குள் அரிசிமா அரித்துக்கொண்டிருந்த ஹாஜறா நிமிர்ந்து பார்த்தாள். அவன் தோளில் நீளமாக ஒரு பொதி. வெள்ளைத் துணியால் சுற்றி, தலைமாட்டிலும் நடுவிலும் கால்மாட்டிலுமாக மூன்று இடத்தில் கட்டியிருந்தது. அவள் பார்வையை உடனே அரிதட்டுக்குள் இறக்கிக்கொண்டாள். அப்படிக் கட்டிய மையத்துப் பொதிகளை அந்த ஊர் சுனாமிக்குப் பிறகு ஒரு கிழமைக்குள் ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தது.

"வந்திட்டு" என்றான் றினாஸ். "கொழும்பு பஸ்ஸில போட்டு உட்டிருக்கான். இப்பதான் இறக்கின."

"வாப்பா கடையில. பாத்தா ஏசுவார்."

"தெரியும். அதான் இப்பிடி வந்த."

முன்பென்றால் அவன் 'மதினி' என்றுதான் பேச்சைத் தொடங்குவான். அவள் 'தம்பி' என்பாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு சொல்லும் இல்லாமல் போய்விட்டன. புதுச் சொல் இன்னும் வரவில்லை. அதனால் இருவரும் ஒருவரையொருவர் எதுவும் சொல்லி அழைக்காமலே கதைத்துக்கொண்டார்கள்.

ஜெமீல் ஹாஜறாவின் கணவன், றினாஸின் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டைவிட்டுப் போனவன் திரும்பவில்லை. மையத்தும் கிடைக்கவில்லை. நான்கு வருடம் போன பிறகு அவன் இறந்துவிட்டதாகக் காதி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அவளும் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே விதவைக்குரிய இத்தா இருந்து முடித்தாள். யுத்தம் முடிந்ததும் அந்த நாட்களுக்குள்தான். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். "காணாமப் போன ஆக்களெல்லாம் இனி வருவாங்களாம்" என்று யாரோ றோட்டில் சொல்லிக்கொண்டு போனார்கள். இத்தாவில் இருந்தவள் எழுந்து யன்னலுக்குப் போய், வாசல் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவனுக்காக இத்தா இருந்த ஒருத்தி அவன் வருகிறானா என்று பார்த்தது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும் தெரியும்.

பெருநாள் முடிந்த கையோடு ஹாஜறாவின் வாப்பா சீனிமுகம்மது கலியாணத்தைப் பேசி முடித்தார். "உன்ட மகள் றுஸ்னாக்கு எட்டு வயசாகிட்டு. பிறத்தியாரக் கொண்டு வாறத்த விட, அவள்ட வாப்பாட தம்பி நல்லம்தானே" என்றார். யாரும் மறுக்கவில்லை. றினாஸும்தான்.

ஆனால் மூன்று கிழமைக்கு முதல், பஸாரில் அவன் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடையில், பழைய சாமான் விற்கும் இணையத்தளமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. சிவப்பு எலெக்ட்ரிக் கிற்றார். 'ஜப்பான் ஒரிஜினல், பாவித்தது' என்று போட்டிருந்தான் நீர்கொழும்புக்காரன். றினாஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மேற்கொம்பில், பெயின்ற் கருகி, பிறைபோல ஒரு தழும்பு. எப்போதோ, நுளம்பு விரட்ட எரியவைத்த சுருளின் மேல் காக்கா கிற்றாரைச் சாய்த்து வைத்ததால் வந்தது.

வாங்கிவிட்டான். வாங்கிய பிறகுதான் போனில் ஹாஜறாவிடம் சொன்னான்.

"கோகுலன் அண்ணன் கழட்டிப் பாத்தாத் தெரியும்" என்றான் இப்போது. "காக்காட கிற்றார்தானா, வேற ஏதும் டூப்ளிகேட்டா. காக்காடதெண்டா, கடல்ல கிடந்திருக்கா, இல்லையா. எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சு?"

அவன் பொதியைக் கீழே வைத்தான். "கடல் படாத கிற்றாரெண்டா, காக்கா அத எங்கயோ கொண்டுபோய் வித்திருக்கார். அப்ப ஆள் உசிரோட. உசிரோட இரிக்கிற காக்காட பொஞ்சாதிய நான் எப்பிடி..." நிறுத்தினான். "காதியார் தீர்ப்புத் தந்திட்டார். எனக்கு இன்னும் தீர்ப்பு வரல்ல."

ஹாஜறா அரிதட்டைக் கீழே வைத்தாள். அவனுக்கு வேண்டிய தீர்ப்பு ஒன்று. அவளுக்கு வேண்டியது வேறொன்று.

கல்முனைக்குடியில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவான். ஜெமீலும் வந்தான், ஆனால் அவனது கிற்றார் படலைக்கு வெளியே நின்றுவிட்டது. "அந்தத் தந்திப் பலகை என்ட ஊட்டுக்குள்ள வரப்படாது" என்றார் சீனிமுகம்மது. ஜெமீல் எதிர்த்துப் பேசாதவன். கிற்றாரை, தன் இசைக்குழுவின் சாமான்களைத் திருத்தும் கோகுலனின் பாண்டிருப்பு வீட்டில் வைத்தான். இசைக்குழு வாசிக்கப் போகும் நாளில் அங்கே எடுத்து, திரும்பி வந்து அங்கேயே வைப்பான்.

ஒரேயொரு நாள் தவறினான். கிறிஸ்மஸ் இரவு, நத்தார் நிகழ்ச்சி முடிய நேரம் சென்றுவிட்டது. கிற்றாரோடு வீட்டுக்கே வந்து, கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் படுத்துவிட்டான். காலையில் கூட்டும்போது ஹாஜறா கண்டாள். அவனை எழுப்பித் தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் கையில் கிற்றாரைத் திணித்தாள்.

"வாப்பா சந்தைக்குப் போயிருக்கார், மெயின் றோட்டாலதான் வருவார். நீங்க கடற்கரை றோட்டால போங்க."

சிரித்துக்கொண்டே போனான். அரை மணித்தியாலத்தில் கடல் வந்தது.

'கடற்கரை றோட்டால போங்க' என்ற அந்த ஒரு வரியை ஹாஜறா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பொலிஸில் கேட்டபோதும், காதி நீதிமன்றத்தில் கேட்டபோதும், "பாண்டிருப்புக்குப் போறண்டு போனார்" என்று மட்டும் சொன்னாள். ஐந்து வருடமாக அவள் அல்லாஹ்விடம் கேட்டதெல்லாம் இதுதான்: அவர் என்னில் கோபித்துக்கொண்டு போயிருக்கட்டும். எங்காவது வேறொருத்தியோடு வாழட்டும். அந்தக் கிற்றாரை விற்றுத் தின்றிருக்கட்டும். என் வாய்ச்சொல்லால் கடலுக்குள் போகாமல் இருந்தால் போதும்.

"நானும் வாறன்" என்றாள்.

"ஆக்கள் கதைப்பாங்க."

"நீங்க மோட்டச் சைக்கிள்ள போங்க. நான் ஆட்டோவில வாறன். றுஸ்னா மதறசாவால வர முதல் திரும்பணும்."

---

ஆட்டோக்காரன் அச்சிமுகம்மது பக்கத்துத் தெருக்காரன். "பாண்டிருப்புக்கோ? கடற்கரை றோட்டால போனாக் கெதியாப் போயிரலாம். இப்ப நல்லாக் கொங்ரீட் போட்டிருக்கானுகள்."

"வேணாம். மெயின் றோட்டால போங்க."

"மெயின் றோட்டில சனம் ராத்தா. நெருக்கடி."

"பரவால்ல, போங்க."

ஐந்து வருடமாக அவள் எங்கே போனாலும் இதுதான் வழி.

கோகுலனின் கடை, ரீவியும் றேடியோவும் திருத்தும் சிறிய அறை. வயிறு திறந்த ரீவிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மேலே, மாலை போட்ட படத்துக்குள் அவன் மனைவி சுஜித்தா. அவளையும் அதே ஞாயிற்றுக்கிழமைதான் கடல் கொண்டுபோனது. அவள் மூன்றாம் நாள் கிடைத்தாள்.

"வாங்க தங்கச்சி" என்று கதிரையைத் துடைத்துப் போட்டான் கோகுலன். பிறகு றினாஸைப் பார்த்து, "மாப்பிள, கலியாணத்துக்குச் சொல்ல வந்தயா, இல்ல ரீவி உடைஞ்சு போச்சா?"

"இதக் கழட்டுங்க அண்ணன்."

பொதியைக் கண்டதும் கோகுலனின் சிரிப்பு நின்றது. மேசையில் கிடத்தி, மூன்று கட்டையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கபுறுக்குள் இறக்கிய பிறகுதான் கட்டவிழ்ப்பார்கள் என்று ஹாஜறாவின் மனம் எங்கோ போய்த் திரும்பியது.

சிவப்பு மங்கியிருந்தது. பிறைத் தழும்பு இருந்தது. கோகுலன் அதில் விரலை வைத்து ஒருமுறை தடவினான்.

"வயர் குத்தி அடிச்சுப் பாப்பமா?" என்றான் றினாஸ்.

"சத்தத்த வெச்சு ஆளச் சொல்லேலாதுடா. தழும்ப வெச்சும் சொல்லேலாது, சுருள் எல்லார்ட வீட்டிலயும் எரியிது. பொறு."

மேசை லாச்சிக்குள் கிளறி, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு தாளை எடுத்தான். யுத்த காலத்தில் இசைக்குழு எங்கே போனாலும் சோதனைச் சாவடியில் காட்டவேண்டிய சாமான் பட்டியல். ஸ்பீக்கர், அம்பிளிபயர், கீபோட், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் இலக்கம். அடியில் முகாமின் சீல்.

"இந்தக் கடுதாசி இல்லாம ஒரு மைக் வயர்கூட அசையேலாது அப்ப" என்றான். "உங்கட மனிசனோட எத்தின தரம் வெயிலுக்குள்ள நிண்டிருக்கன். 'என்ன இது, துவக்கா' எண்டு கேப்பானுகள். 'இல்ல சேர், சத்தம் மட்டும்தான் வரும்' எண்டு சொல்லுவான் அவன்."

"சண்டைதான் முடிஞ்சிட்டே அண்ணன், இன்னும் ஏன் வெச்சிரிக்கிறீங்க?" என்றாள் ஹாஜறா.

"ஆருக்குத் தெரியும். திரும்பக் கேட்டா?"

கிற்றாரைக் குப்புறத் திருப்பினான். கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் நான்கு திருகாணி போட்ட உலோகத் தகடு. அதில் வெட்டியிருந்த இலக்கத்தைத் துணியால் துடைத்து வாசித்தான். பட்டியலை வாசித்தான். மறுபடி தகட்டை வாசித்தான்.

"அதே நம்பர்."

றினாஸ் மூச்சை விட்டான். "அப்ப காக்காடதுதான்."

"தகடு அவன்ட. நாலு ஆணியக் கழட்டினா அந்தத் தகட்ட எந்தக் கிற்றாருக்கும் போடலாம். ஒரிஜினலெண்டு ஏமாத்திறவன் முதல்ல செய்யிற வேல அதான்."

முன்பக்கத்து வெள்ளைத் தட்டைக் கழற்றித் தூக்கினான். உள்ளே பார்த்ததும் புருவம் சுருங்கியது. வயரெல்லாம் புதிது. ஈயம் பளபளவென்றிருந்தது. சத்தம் பிடிக்கும் காந்தங்கள்கூட ஜப்பான் இல்லை, மலிவுச் சீனச் சாமான்.

"இதில ஒண்டும் நான் ஒட்டினது இல்ல" என்றான். "உள்ளுக்குள்ள முழுக்க வேற."

ஹாஜறாவின் கை கதிரைப் பிடியை இறுக்கியது. "அப்ப, கடல் படல்லயா?"

"அப்பிடியும் சொல்லேலாது. பழுதாப் போய் மாத்தினானா, விக்கிறதுக்காக மாத்தினானா தெரியல்ல. உள்ளயும் நல்லாத் துடைச்சிருக்கான். துருவில்ல, உப்பில்ல."

துருவில்லை. உப்பில்லை. அவள் அந்த இரண்டையும் மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். எங்கோ ஒரு ஊரில், எங்கோ ஒரு வாசலில், ஜெமீல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பக்கத்தில் யாரோ ஒருத்தி நின்றாள். நிற்கட்டும். அவளுக்கு அந்தப் பெண்ணில் கோபமே வரவில்லை.

"இன்னும் ஒரு இடம் இரிக்கு" என்றான் கோகுலன். "கழுத்துப் பொருத்து. அதத் துடைக்கேலாது, கழட்டினாத்தான் உண்டு. அவன்ட கிற்றார்தானெண்டா அதுக்குள்ள ஒரு சாமான் இரிக்கும். அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்."

"என்ன சாமான்?"

கோகுலன் மறுபடி கிற்றாரைக் குப்புறத் திருப்பினான். ஆணியில் திருகியை வைத்து அழுத்தினான். ஆணி அசையவில்லை. நகத்தால் சுரண்டினான். வெள்ளி நிறப் பெயின்ற் உரிந்து வந்தது. அடியில் செந்துரு.

றினாஸ் கிட்டக் குனிந்து பார்த்தான்.

மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவைத்து, பத்து நிமிடம் போக மறுபடி திருகினான். முதலாவது ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு எழும்பியது. இரண்டாவது. மூன்றாவது தலை முறிந்தது. நான்காவதைக் குறட்டால் இழுத்தான். பிறகு உடம்பை மடியில் வைத்து, கழுத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டினான். பல் பிடுங்குவது போல அது விட்டுக்கொடுத்தது.

மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் மணல் கொட்டியது.

ஒரு சிரங்கை இருக்காது. ஒரு தேக்கரண்டி. நரைத்த, நைஸான கடல் மணல். அதற்குள் அரிசிக்குருணை அளவில் ஒரு சிப்பித் துண்டு.

பொருத்துக்குள் ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. நனைந்து, ஊதி, காய்ந்து, கல்லுப்போல் ஆனது. கோகுலன் பிளேடு முனையால் அதை உயர்த்தி எடுத்து, ஹாஜறாவிடம் நீட்டாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"கழுத்து கொஞ்சம் தாழ்ந்திருந்திச்சு தங்கச்சி. தந்தி கழுத்துப் பலகையில முட்டும். 'கீழ ஒரு மட்ட குடுக்கணும், ஏதும் தடிப்பான காட் தா' எண்டன். பொக்கட்டில இருந்து இத எடுத்துத் தந்தான். 'இத வெட்டலாமாடா' எண்டு கேட்டன். 'வெட்டு, ஊட்டுக்குள்ள அவளும் கிற்றாரும் ஒண்டா இரிக்க ஏலாது, இதுக்குள்ளயாவது இரிக்கட்டும்' எண்டான்."

அவள் வாங்கிப் பார்த்தாள். அவர்களது கலியாண அழைப்பிதழ்க் காட், அதன் ஒரு மூலை. பச்சை மை கரைந்து கடல் நிறமாகியிருந்தது. சீனிமுகம்மது அவர்களின் என்பது வரை அழிந்துபோய், புதல்வி என்பதும், அதன் கீழே ஹாஜ என்ற இரண்டு எழுத்தும் மட்டும் மிஞ்சியிருந்தன.

றினாஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. "இன்னாலில்லாஹி" என்று தொடங்கியவனுக்கு மீதி வரவில்லை. ஐந்து வருடம் பிந்தி அவன் தன் காக்காவுக்காக அழுதான்.

"வித்தவனக் கேளு" என்றான் கோகுலன் மெதுவாக. "எந்தக் கரையில எடுத்ததெண்டு. திருக்கோவில் பக்கமோ, கோமாரிப் பக்கமோ. அது ஒதுங்கின இடத்துக்குக் கிட்டத்தான்..." மேலே சுஜித்தாவின் படத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "எனக்கு ஒரு இடம் இரிக்குடா, போய் விளக்குக் கொளுத்த. உங்களுக்கு அதுகூட இல்ல."

பிறகு அவன் கழுத்தைத் துணியில் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னான்:

"எனக்கு விளங்காதது ஒண்டுதான். கிற்றார் கையில இரிக்கக்குள்ள ஜெமீல் ஒருநாளும் கடற்கரை றோட்டால வரமாட்டான். உப்புக்காத்துப் பட்டாத் தந்தி துருப்பிடிக்குமெண்டு மெயின் றோட்டச் சுத்தித்தான் வருவான். எவ்வளவு மழையெண்டாலும். அண்டைக்கு மட்டும் என்னத்துக்கு அந்தப் பக்கம் போனான்?"

ஹாஜறா எழுந்தாள். காட் துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "போய்ட்டு வாறன் அண்ணன்" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

---

வாசலில் மழை தூறத் தொடங்கியிருந்தது. அச்சிமுகம்மது ஆட்டோவுக்குள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். றினாஸ் கிற்றாரையும் கழன்ற கழுத்தையும் மறுபடி வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான். கண் சிவந்திருந்தாலும் முகம் தெளிந்திருந்தது. அவனுக்கு வேண்டிய தீர்ப்பு வந்துவிட்டது.

"அழாதீங்க" என்றான், அவள் அழாமலேயே. "அல்லாட நாட்டம். இனி மனசில ஒண்டும் இல்ல. வெள்ளிக்கிழமை..."

"நான்தான்" என்றாள் ஹாஜறா.

"என்ன?"

"நான்தான் கடற்கரை றோட்டால போகச் சொன்ன."

தூறல் அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"வாப்பா மெயின் றோட்டால வருவாரெண்டு பயந்து சொன்ன. அவர் தந்தி துருப்பிடிக்கிமெண்டு ஒரு வார்த்த செல்லல்ல. தேத்தண்ணி கேக்கல்ல. சரிண்டு போனார். அஞ்சு வருசமா அவர் என்ன உட்டுட்டுப் போயிருக்கணுமெண்டு துவாக் கேட்டன். இத்தாவிலயும் அதத்தான் கேட்டன்." குரல் உடையவில்லை; அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "உங்கட காக்கா உங்களுக்கு ஒரே காக்கா. இதக் கேட்டுட்டு நீங்க வெள்ளிக்கிழமையப் பத்தி யோசிங்க. வராட்டி நான் குறை செல்ல மாட்டன். வாப்பாக்கிட்டயும் செல்ல மாட்டன், நான் வேணாமெண்டதாச் செல்லுவன்."

றினாஸ் தோளில் கிடந்த பொதியை மற்றத் தோளுக்கு மாற்றினான்.

அவள் காத்திருக்கவில்லை. ஆட்டோவுக்குள் ஏறி, அச்சிமுகம்மதுவைத் தட்டி எழுப்பினாள்.

"என்ன ராத்தா, மெயின் றோட்டாலயா?"

"இல்ல. கடற்கரை றோட்டால போங்க."

அவன் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியைத் திருப்பினான்.

ஒழுங்கை முடிந்ததும் கடல் வந்துவிட்டது. வீடுகள் இருந்த இடமெல்லாம் சீமெந்துத் தளங்கள். அடுப்பங்கரைத் தளம், கிணற்றடித் தளம். இடையிடையே குட்டைத் தென்னம்பிள்ளைகள். மழைக்குள் கடல் சாம்பல் நிறமாக, எதுவும் நடக்காதது போல அசைந்துகொண்டிருந்தது. ஹாஜறா பார்வையை எடுக்கவில்லை. அவன் நடந்திருக்கக்கூடிய ஒவ்வொரு அடியையும் அவள் பார்த்துக்கொண்டு போனாள். இந்த மதகு வரை வந்திருப்பானா. அந்தப் பள்ளிவாசல் மூலை வரை வந்திருப்பானா. எந்த இடத்தில் கிற்றாரை நெஞ்சோடு அணைத்திருப்பான்.

கைக்குள் காட் துண்டு வியர்வையில் நனையத் தொடங்கியது. மை இன்னும் கரையுமோ என்று பயந்து கையை விரித்தாள். அந்த இரண்டு எழுத்தும் இருந்தன. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அச்சிமுகம்மது வேகத்தைக் குறைத்தான், திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஆட்டோவின் பின்பக்கத்துச் சிறிய கண்ணாடி யன்னலால் பார்த்தாள்.

தூரத்தில், மெயின் றோட்டுக்கும் கடற்கரைக்கும் வழி பிரியும் சந்தியில், ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வெள்ளைப் பொதி கட்டியிருந்தது. ஓட்டி வந்தவன் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நனைந்துகொண்டிருந்தான். அந்தப் பக்கமும் திரும்பவில்லை, இந்தப் பக்கமும் திரும்பவில்லை.